புத்தகத்தில் ஏறாத கணக்கு: நீதிபதி நவநீதம் பிள்ளையின் கதை

பி.காம் படிக்கிறவர்களுக்கு விடுபிழை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. ஒரு கடைக்காரர் கடனுக்குச் சரக்கு வாங்குகிறார். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, பேரேட்டிலும் ஏற்றவில்லை. வருடக் கடைசியில் இருப்பாய்வு எடுத்தால் பற்றும் வரவும் கச்சிதமாகச் சரிசமமாக நிற்கும். பார்க்கிறவர்கள் கணக்கு சுத்தமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் கடன் இருக்கிறது, கொடுத்தவர் இருக்கிறார், புத்தகத்தில் மட்டும் இல்லை.

"எழுதியதைச் சரிபார்க்க யாராலும் முடியும். எழுதாததைக் கண்டுபிடிக்க வாய் திறந்து கேட்கணும்" என்று எங்கள் தணிக்கை வகுப்பில் சொன்னார்கள். தேர்வுக்காகத்தான் குறித்துக்கொண்டேன். ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு நீதிபதியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது இந்த வரிதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அவர் பெயர் நவநீதம் பிள்ளை. உலகம் சுருக்கமாக நவி பிள்ளை என்கிறது.

இந்தப் பெயரை முதலில் கேட்டது 2013-ல். நான் அப்போது ஆரம்பப் பள்ளி. செய்தியில் இந்தப் பெயர் வந்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. அவர் தென்னாப்பிரிக்காக்காரர்.

பஸ் ஓட்டுநரின் மகள்

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. கரும்புத் தோட்டங்களுக்காகப் போனவர்கள். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. நேட்டால் பகுதியில் பெரிய தமிழ்ச் சமூகம் உருவானது இப்படித்தான். அந்தச் சமூகத்தில், டர்பன் நகரின் கிளேர்வுட் பகுதியில், 1941 செப்டம்பர் 23-ல் பிறந்தார் நவநீதம். அப்பா பஸ் ஓட்டுநர்.

அவருக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு சம்பவம். அப்பாவின் மாதச் சம்பளப் பணத்தை அம்மா குழந்தையிடம் கொடுத்து அனுப்புகிறார். வழியில் ஒருவன் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். வழக்கு நடக்கிறது. ஆறு வயதுக் குழந்தை கூண்டில் ஏறிச் சாட்சி சொல்கிறது. திருடனுக்குத் தண்டனை கிடைத்தது, பணம் திரும்பக் கிடைக்கவில்லை. நீதிமன்றத்தோடு தனக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் இது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தண்டனை கொடுத்துவிட்டால் பாதிக்கப்பட்டவரின் கணக்கு முடிந்துவிடுவதில்லை என்பதை ஆறு வயதிலேயே பார்த்துவிட்டார்.

ஊர் மக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டுத்தான் அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1963-ல் பி.ஏ., 1965-ல் சட்டப் பட்டம். வெள்ளையர் நிறுவனங்களில் வேலை இல்லை. வெள்ளைக்கார ஊழியர்கள் ஒரு கறுப்புப் பெண்ணிடம் உத்தரவு வாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். சரி என்று 1967-ல் தானே அலுவலகம் திறந்துவிட்டார். நேட்டாலில் வெள்ளையரல்லாத ஒரு பெண் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தது அதுதான் முதல் தடவை.

நிறவெறி ஆட்சிக் காலத்து அரசியல் வழக்குகள் அவரிடம் வந்தன. 1971-ல் அவருடைய கணவர் கேபி பிள்ளையையே பிடித்துக்கொண்டு போனார்கள். பயங்கரவாதச் சட்டம், விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம். காவலில் சித்திரவதை நடக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். நவநீதம் நீதிமன்றம் போய், சட்டத்துக்குப் புறம்பான முறைகளில் கணவரை விசாரிக்கக் கூடாது என்று தடை ஆணை வாங்கினார். 1973-ல் ராபன் தீவுச் சிறைக் கைதிகளுக்காக இன்னொரு வழக்கு. அரசியல் கைதிகள் வக்கீலைச் சந்திக்கும் உரிமை அதன் மூலம் கிடைத்தது. நெல்சன் மண்டேலாவும் அப்போது அந்தத் தீவில்தான் இருந்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வக்கீலைப் பார்க்க முடியாத கைதி என்ன ஆகிறான்? அவனுக்கு நடப்பது எதுவும் எந்தக் காகிதத்திலும் ஏறாது. சிறைப் பதிவேட்டைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதுவும் விடுபிழைதான்.

குடும்பத்தை வைத்துக்கொண்டே அமெரிக்கா போய் ஹார்வர்டில் 1982-ல் முதுகலைப் பட்டமும் 1988-ல் சட்ட முனைவர் பட்டமும் வாங்கினார். அந்த முனைவர் பட்டம் பெற்ற முதல் தென்னாப்பிரிக்கர் அவர்தான். பெண்களின் உரிமைக்காக இயங்கும் 'ஈக்வாலிட்டி நவ்' என்ற அமைப்பை 1992-ல் தொடங்கியவர்களில் ஒருவர்.

நிறவெறி ஆட்சி முடிந்து மண்டேலா அரசு வந்தபின் 1995-ல் உயர்நீதிமன்றத் தற்காலிக நீதிபதியானார். அந்த இடத்துக்கு வந்த முதல் வெள்ளையரல்லாத பெண். 28 வருடம் வக்கீலாக இருந்தும், தோல் நிறத்தின் காரணமாக ஒரு நீதிபதியின் அறைக்குள் அவரால் கால் வைக்க முடிந்ததில்லை. அவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதி அறை, அவருடைய சொந்த அறை!

அங்கே அதிக நாள் இருக்கவில்லை. அதே 1995-ல் ஐ.நா. பொதுச்சபை அவரை இன்னொரு நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. அது ருவாண்டாவுக்கான நீதிமன்றம்.

டாபா கிராமத்து வழக்கு

மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கும் சின்ன நாடு ருவாண்டா. 1994 ஏப்ரல் 7-ல் தொடங்கி ஏறத்தாழ 100 நாட்களில், ஐ.நா. மதிப்பீட்டின்படி சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் டுட்சி இனத்தவர்; கொலைக்கு எதிராக நின்ற ஹுட்டுக்களும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 8-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 955-ஆம் தீர்மானத்தின் மூலம் ஒரு தனி நீதிமன்றத்தை உருவாக்கியது. பக்கத்து நாடான தான்சானியாவில் அருஷா என்ற ஊரில் அது இயங்கியது. தொடக்க ஆண்டுகளில் அங்கே இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை.

முதலில் விசாரணைக்கு வந்த வழக்கு ழான்-போல் அகாயெசு என்பவருடையது. டாபா என்ற வட்டாரத்தின் தலைவர். முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். கொலைகள் ஆரம்பித்த முதல் சில நாட்கள் அவர் தடுக்கவே முயன்றார் என்று நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. ஏப்ரல் 18-க்குப் பிறகு மாறிவிட்டார்.

1996-ல் தயாரான குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது, இனப்படுகொலை இருந்தது. பாலியல் வன்முறை பற்றி ஒரு வரி இல்லை. ருவாண்டாவில் அந்த 100 நாட்களில் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் பெண்கள் வரை வல்லுறவுக்கு ஆளாகியிருக்கலாம் என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் அதே 1996-ல் கணித்திருந்தார். அறிக்கையில் லட்சக்கணக்கு, குற்றப்பத்திரிகையில் பூஜ்யம். இருப்பாய்வு மட்டும் சரியாகக் கூடியிருந்தது.

1997 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. ஒரு டுட்சிப் பெண் சாட்சி சொல்ல வந்தார். பாதுகாப்புக்காகப் பெயர் மறைத்து 'சாட்சி ஜே' என்று மட்டும் குறிப்பிட்டார்கள். கொலைகளைப் பற்றிச் சொல்ல வந்தவர், தன் ஆறு வயது மகளை மூன்று பேர் வல்லுறவு செய்ததைச் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு வரியாக நின்றிருக்கும். நீதிபதிகள் மேலே கேட்டார்கள். வேறு பெண்களுக்கும் இப்படி நடந்ததா? வட்டார அலுவலகத்திலேயே இளம்பெண்களுக்கு இது நடந்ததாகக் கேள்விப்பட்டதாக அந்தப் பெண் சொன்னார். அதாவது அகாயெசுவின் அலுவலகத்தில்! தீர்ப்பில் இந்த இடம் 'அமர்வு கேட்ட கேள்விக்குப் பதிலாக' என்றே பதிவாகியிருக்கிறது. மூன்று பேர் கொண்ட அந்த அமர்வில் செனகலின் லாய்ட்டி காமா தலைமை, சுவீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரென் ஒருவர், மூன்றாமவர் பிள்ளை. விடாமல் அந்தக் கேள்விகளைப் பின்தொடர்ந்தவர் என்று வரலாறு அவரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

பிறகு 'சாட்சி எச்' வந்தார். சோளக் காட்டில் தனக்கு நடந்ததையும், வட்டார அலுவலகத்தின் வாசலுக்கு அருகே மற்ற பெண்களுக்கு நடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததையும் சொன்னார். பெண்கள் அமைப்புகளும் நீதிமன்றத்துக்கு மனு அனுப்பின. அரசுத் தரப்பு அவகாசம் கேட்டு, மறுபடி விசாரித்து, 1997 ஜூனில் குற்றப்பத்திரிகையைத் திருத்தியது. மூன்று புதிய குற்றச்சாட்டுகள் ஏறின.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். அரசுத் தரப்பு விட்டதை நீதிபதி போய் நிரப்பலாமா? நடுநிலை என்ன ஆகும்? எனக்கும் வந்தது. அழுத்தத்துக்குப் பயந்துதான் இதைச் சேர்த்தார்கள் என்று எதிர்த்தரப்பும் வாதாடியது. ஆனால் நீதிபதிகள் குற்றச்சாட்டு எதையும் எழுதவில்லை. கூண்டில் நின்று பேசுகிறவரைப் பேச விட்டார்கள், சொன்னதன்மேல் அடுத்த கேள்வி கேட்டார்கள். குற்றச்சாட்டு திருத்தப்பட்டதும் விசாரணையை நிறுத்தி, எதிர்த்தரப்புக்குத் தயாராக அவகாசம் கொடுத்து, அக்டோபரில்தான் மறுபடி தொடங்கினார்கள். தணிக்கையாளர் கணக்கை எழுதித்தரக் கூடாது. ஆனால் "இந்த ரசீது எங்கே?" என்று கேட்காத தணிக்கையாளர் எதற்கு?

1998 செப்டம்பர் 2

அன்று தீர்ப்பு. 15 குற்றச்சாட்டுகளில் 9-ல் அகாயெசு குற்றவாளி. அக்டோபர் 2-ல் ஆயுள் தண்டனை. 2001 ஜூன் 1-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

ஏன் இந்தத் தீர்ப்பு இவ்வளவு முக்கியம்? மூன்று காரணங்கள்.

ஒன்று, இனப்படுகொலைக்கு எதிரான ஒப்பந்தம் ஐ.நா.வில் 1948 டிசம்பர் 9-லேயே நிறைவேறிவிட்டது. ஆனால் அதன்படி ஒரு மனிதரை விசாரித்து ஒரு சர்வதேச நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்ல 50 வருடம் ஆனது. அந்த முதல் தீர்ப்பு இதுதான்.

இரண்டு, வல்லுறவும் இனப்படுகொலையின் ஒரு வழியாக இருக்கலாம் என்று முதன்முறையாகச் சொன்னது. ஒப்பந்தத்தில் ஐந்து வகைச் செயல்கள் உண்டு. கொல்வது மட்டுமல்ல, ஒரு இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு அதன் உறுப்பினர்களுக்குக் கடுமையான உடல் அல்லது மனத் தீங்கு செய்வதும் அதில் வரும். டுட்சிப் பெண்கள் டுட்சிகள் என்பதற்காகவே குறிவைக்கப்பட்டார்கள், இது அந்த இனத்தை அழிக்கும் வேலையின் ஒரு பகுதி என்றது தீர்ப்பு. இதற்கு முன் போரில் பெண்களுக்கு நடப்பதை வெற்றி பெற்றவனின் கொள்ளைப் பொருள் மாதிரிதான் உலகம் பார்த்தது. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றச் சாசனத்தில் இந்தக் குற்றத்தின் பெயர்கூடக் கிடையாது.

மூன்றாவது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. வல்லுறவு என்றால் என்ன என்பதற்கு சர்வதேசச் சட்டத்தில் அதுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கமே இல்லை. 1949-ன் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம்கூட இதைப் பெண்ணின் 'கௌரவத்தின்' மீதான தாக்குதல் என்றுதான் வகைப்படுத்தியிருந்தது. அகாயெசு தீர்ப்பு கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டது. வற்புறுத்தல் நிலவும் சூழலில் ஒருவர் உடல்மீது நடத்தப்படும் பாலியல் தன்மையுள்ள ஊடுருவல், அவ்வளவுதான். அதில் மானம் பற்றிய பேச்சே இல்லை. துப்பாக்கியோடு ஆள் சுற்றி நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றில்லை, அந்தச் சூழலே வற்புறுத்தல்தான் என்றும் சொன்னது. ருவாண்டா மொழியில் சாட்சிகள் இதற்குப் பயன்படுத்திய வெவ்வேறு வார்த்தைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்றுகூட நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

வார்த்தை என்றதும் நம் ஊர் ஞாபகம் வந்தது. நம் செய்தித்தாள்கள் பல வருடம் எழுதிய வார்த்தை என்ன? 'கற்பழிப்பு'. வீட்டில் பேசும்போது 'கெடுத்துட்டான்'. குற்றம் செய்தவன் ஒருவன், ஆனால் இந்த வார்த்தைகளில் 'கெட்டு'ப்போவது அவள்! இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. வார்த்தை மாறினால் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்ததுண்டு. எந்தத் தலைப்பின் கீழ் பதிகிறோம் என்பதில்தான் கணக்கே இருக்கிறது என்று இந்தத் தீர்ப்பைப் படித்தபின் புரிந்தது.

அதற்குப் பிறகு

1999 முதல் 2003 வரை அந்த நீதிமன்றத்தின் தலைவர் பிள்ளைதான். 2003 டிசம்பர் 3-ல் அவர் தலைமையிலான அமர்வு 'ஊடக வழக்கில்' தீர்ப்பு சொன்னது. வானொலியிலும் பத்திரிகையிலும் வெறுப்பைப் பரப்பிய மூன்று பேர் குற்றவாளிகள் என்றது. அவர்களில் ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர். 2007-ல் மேல்முறையீட்டில் சில முடிவுகள் ரத்தாகித் தண்டனைகள் குறைந்தன. அதையும் சொல்வதுதான் நேர்மை.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு 2003-ல் தேர்வான முதல் 18 நீதிபதிகளில் 7 பேர் பெண்கள். அதில் அவரும் ஒருவர். 2008 செப்டம்பர் முதல் 2014 ஆகஸ்ட் வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். என் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டியது இந்தக் காலத்தில்தான். 2013 ஆகஸ்டில் இலங்கை போனார். தமிழ்ப் பெயர் இருப்பதாலேயே புலிகளின் ஆள் என்று அங்கே சில ஊடகங்களும் அமைச்சர்களும் பேசினார்கள். கிளம்பும் நாளில், அது தவறு, ஆழமாகப் புண்படுத்துகிறது என்று பதில் சொன்னார். விடுதலைப் புலிகளைக் கொலைகார அமைப்பு என்றும் அதே அறிக்கையில் கண்டித்தார். நாடு எதேச்சாதிகாரப் பாதையில் போகும் அறிகுறிகள் தெரிகின்றன என்று அரசையும் கண்டித்தார். இரண்டு பக்கமும் அவர்மேல் வருத்தப்பட்டிருக்கும். 'நம்மவர்' என்று சொந்தம் கொண்டாடுகிற நாமும் அந்த அறிக்கையைப் பாதி மட்டும் படிக்கக் கூடாது.

2020 ஜனவரியில், ரோஹிங்கியா மக்கள் தொடர்பாக மியான்மர்மீது காம்பியா தொடுத்த வழக்கில், ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டபோது காம்பியா நியமித்த நீதிபதியாக அமர்ந்தார். 2021 முதல் 2025 நவம்பர் வரை ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதி பற்றிய ஐ.நா. விசாரணைக் குழுவின் தலைவர். காசாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்திருக்கிறது என்று அந்தக் குழு 2025 செப்டம்பரில் முடிவு சொன்னது. இஸ்ரேல் அதை முழுக்க மறுத்தது. 84 வயதைத் தொடும்போது வந்த அறிக்கை.

ஒரு பெண் நீதிபதி வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று இந்தக் கதையைச் சுபமாக முடிக்க முடியாது. அருஷாவில் பின்னால் வந்த பல வழக்குகளில் வல்லுறவுக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, அல்லது நிரூபணமாகவில்லை. பெண் என்றால் பெண்களின் வலி தானாகப் புரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே நீதிமன்றம் 2011-ல் இனப்படுகொலைக்கும், மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக வல்லுறவுக்கும் தண்டித்தவர்களில் போலின் நியிராமாசுஹுகோ என்பவர் ஒரு பெண். ருவாண்டா அரசில் குடும்ப நலன், பெண்கள் மேம்பாட்டு அமைச்சராக இருந்தவர்!

ஆகவே விஷயம் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதோடு முடியவில்லை. அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்கிறாரா என்பதில் இருக்கிறது. சாட்சி ஜே பேச மறுக்கவில்லை. யாராவது கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆறு வயதில் கூண்டில் ஏறிய ஒருத்தி, ஐம்பது வருடம் கழித்து, இன்னொரு ஆறு வயதுக் குழந்தைக்கு நடந்ததை அதன் தாய் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருந்தாள். அது தற்செயல்தான். ஆனால் கேட்ட கேள்வி தற்செயல் இல்லை.

2008 ஜூன் 19-ல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1820-ஆம் தீர்மானத்தில், வல்லுறவு போர்க்குற்றமாகலாம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகலாம், இனப்படுகொலையின் பகுதியாகவும் ஆகலாம் என்று எழுதியது. பத்து வருடம் முன்பு அருஷாவில் பேரேட்டில் ஏறிய பதிவு அங்கே எடுத்து எழுதப்பட்டது. சாட்சி ஜேயின் உண்மைப் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இந்தக் கணக்கில் முதல் வரியை எழுத வைத்தவர் அவர்தான்.

அடுத்த வாரம் தணிக்கைத் தேர்வு. விடுபிழைக்கு உதாரணம் தருக என்று கேட்டால் கடனுக்கு வாங்கிய சரக்கைத்தான் எழுதப்போகிறேன், மார்க் வேண்டுமே. மனதில் இருக்கப்போவது டாபா கிராமம்.